மூச்சு போதவில்லை

நிலவின் ஏழாம் குடியிருப்பில் தினமும் காலை எட்டு மணிக்கு மழை பெய்யும். சுவர்களில் பதித்த ஒலித்தகடுகளில், சத்தமாக மட்டும். ஆனாலும் சிலர் பழக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பூமியின் ஓசைகள் காதில் விழாவிட்டால் மூன்றே மாதத்தில் மனம் பேதலித்துவிடும் என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அதனால் அங்கே ஒலித்தகடு குடிநீருக்குச் சமம்.

தகடுகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அதிகாரி வைத்தியலிங்கம். அவரிடம் இருந்தது ஒரே அளவுகோல்: போசா நோவா என்னும் பிரேசில் நாட்டு மெல்லிசையில் ஒரு பழைய பாட்டின் ஒலிப்பதிவு. ஒரு பெண் கிதாரை மீட்டிக்கொண்டு, காதோடு ரகசியம் பேசுவதுபோல் பாடுவாள். அடிக்கு அடி மூச்சிழுப்பாள். உதடு பிரியும் ஓசைகூடப் பதிவாகியிருந்தது. அந்த மூச்சும் உதடும் தெளிவாகக் கேட்டால் தகடு தேறியது. இருபத்திரண்டு வருடங்களில் நாலாயிரம் முறையாவது அதைக் கேட்டிருப்பார். அவள் என்ன பாடுகிறாள் என்று ஒருமுறைகூட விசாரித்ததில்லை. பாட்டுக்காகப் பாட்டுக் கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர், செவிட்டு ஜனங்கள்.

செல்வராணி என்ற பொறியாளர் செய்த புதுத் தகட்டை, மூச்சில் உயிரில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். கீழ்த்தளத்தில் பழைய தகடுகள் பழுதாகி, அறுநூறு பேர் ஓசையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரைக் கட்டிலோடு கட்டி வைக்கவேண்டியதாயிற்று. மூன்றாம் முறையும் தோற்றால் அவளுடைய ஆய்வுக்கூடத்தையே மூடிவிடுவார்கள்.

அவளுக்குப் பக்கத்து அறையில் இருந்தவள் மரிலேனா. காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் பிரேசில்காரி. வேலை முடிந்து வந்ததும் கிதாரோடு உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பாட்டு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். செல்வராணி அவளிடம் பேசிச் சம்மதிக்கவைத்தாள். சோதனைக் கூடத்தில் தகட்டை எப்போதும் திரைக்குப் பின்னால் வைத்துத்தான் கேட்பார்கள். இந்த முறை அங்கே தகடு இல்லை, மரிலேனாவே உட்கார்ந்திருந்தாள்.

அவள் பாடினாள். வைத்தியலிங்கத்தோடு சோதனைக் குழுவில் இருந்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியலிங்கம் உதட்டைப் பிதுக்கினார்.

"மறுபடியும் அதே கோளாறு. மூச்சு போதல. உதட்டுச் சத்தம் சுத்தமா இல்ல. இத மனுஷக் குரல்னு யாரு நம்புவா?"

செல்வராணி திரையை விலக்கினாள். "மனுஷிதான் சார்."

அவமானத்தில் அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவரோ மரிலேனாவை மேலும் கீழும் பார்த்தார். பழுதான தகட்டைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அப்போ கோளாறு இந்தம்மா தொண்டையிலதான் இருக்கு."

கண்ணைத் துடைத்த அம்மாள்தான் முதலில் தலையாட்டினார். தனக்கும் ஏதோ குறைவதாகவே பட்டது என்றார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மரிலேனா தன் மொழியில் ஏதோ சொன்னாள். அதன் பொருளை யாரும் கேட்கவில்லை.

செல்வராணிக்கு அழுகைகூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் தகடே இல்லாததால், மூன்றாம் வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தது. கீழ்த்தளத்துக்காரர்களை நினைத்து, எந்த ஓசைக்கும் இடையில் மூச்சையும் உதட்டுச் சத்தத்தையும் கலந்துவிடும் மின்னணுச் சில்லு ஒன்றைத் தகட்டில் சேர்த்தாள். உடனே சான்று கிடைத்தது. கட்டிலில் கிடந்த இருவரும் தெளிந்தார்கள். கடலலைகூட அங்கே உதட்டைப் பிரித்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் கரைக்கு வந்தது. இயற்கை என்றால் இதுதான் என்று வைத்தியலிங்கம் அறிக்கை எழுதினார்.

மரிலேனாவின் தொண்டையிலும் ஒரு சில்லை வைத்தார்கள். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லாதவர்கள் குடியிருப்பின் ஆண்டுவிழாவில் பாட முடியாது, அவ்வளவுதான். விழாவில் அவள் அதே பாட்டைத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுக்கு மதிப்பெண் போடுவதைப் பார்த்தாள். இரண்டாம் அடியோடு பாட்டை நிறுத்திவிட்டு, மீதி நேரம் முழுக்க வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.