நின்ற வண்டி ஓடிய முந்நூறு கிலோமீட்டர்

"ஏனுங்க மேடம், பூட்டின ஷெட்டுக்குள்ள நின்ன வண்டி முந்நூறு கிலோமீட்டர் ஓடுமுங்களா?"

சனிக்கிழமை காலை, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே மைதிலி இப்படித்தான் ஆரம்பித்தாள். வேலுமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிவிட்டான். சாயிரா பானு மட்டும் கையிலிருந்த டீயை முழுதாகக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் பெரும்பாலும் நசுங்கிய லாரிகளின் கதைதான் வரும். சாயிரா பானு இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பேர். வேலுமணி முன்பு பேட்டரி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். நான்கு வருடமாக அவரிடம் உதவியாளன். எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எந்தக் கேள்விக்கும் முதலில் குரல்பதிவு போடுகிறவன் அவன்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

"நிதானமாச் சொல்லும்மா," என்றார் சாயிரா.

மைதிலிக்கு ஆட்டையாம்பட்டியில் முட்டை மொத்த வியாபாரம். நாமக்கல்லில் ஏற்றிக்கொண்டு வந்து சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போடுவாள். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் கணவன் கௌசிக் பிடிவாதம் பிடித்து ஒரு பழைய எலெக்ட்ரிக் லாரியை வாங்கினான். சின்ன லாரிதான், ஆனால் நிறைய ஓடிய வண்டி. பேட்டரிக்கு ஐந்து வருடம் அல்லது ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, எது முதலில் முடிகிறதோ அதுவரை. பேட்டரியின் ஆரோக்கியம் எழுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் கம்பெனி புதிது மாற்றித் தரும். புதிதில் நூற்றிருபது கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது முழு சார்ஜுக்கு எண்பதோடு நின்றுவிடுகிறது.

"வெள்ளிக்கிழமை சர்வீஸ் சென்டர்ல தேதி குடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையில வண்டி வந்து நின்னப்ப மீட்டர்ல ஒரு லட்சத்து இருபத்தி நாலாயிரத்து எழுநூத்தி அம்பது. இன்னும் எரநூத்தம்பது இருக்குது, இனி வண்டிய எடுக்க வேண்டாம்னு டிரைவர் சின்னண்ணனுக்கு லீவு குடுத்துட்டேன். சார்ஜர் ஒயரையும் கழட்டி என் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேனுங்க. வெள்ளிக்கிழமை எங்க ஊட்டுக்காரருதான் ஓட்டிட்டு வந்தாரு. சர்வீஸ் சென்டர்ல மீட்டரப் பாத்தா ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து எழுவது! எங்க ஷெட்டுல இருந்து அங்க இருவது கிலோமீட்டர்தானுங்க. மிச்சம் முந்நூறு எங்கிருந்து வந்துச்சு?"

"பேட்டரியைச் சோதிச்சாங்களா?"

"அறுவத்தெட்டு காட்டுச்சு. மாத்தித் தந்திருப்பாங்க. எழுவது கிலோமீட்டர் தாண்டிப்போச்சு, வாரண்டி இல்லைன்னுட்டாங்க." அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "இன்னொரு சாவி சின்னண்ணன்கிட்டத்தான் இருந்துச்சு. லாரி ஸ்டேண்டுல வெச்சு, பத்துப் பேரு முன்னாடி அவரைக் கேட்டுப்போட்டேன். 'திருட்டு டிரிப்பு அடிச்சியா'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"சாவியக் கையில குடுத்துட்டு அவரு ஊரு எடப்பாடிக்கு பஸ் ஏறிட்டாருங்க."

சாயிரா எழுந்து கைப்பையை எடுத்தார். "அவரை இன்னைக்கு நாலு மணிக்கு உங்க ஷெட்டுக்கு வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

ஆட்டையாம்பட்டியில் மைதிலியின் ஷெட்டை ஒட்டி ஒரு தறிப்பட்டறை. பகலெல்லாம் அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பட்டறை வாசலில் இருந்த கேமரா ஷெட்டின் கதவைப் பார்த்தபடி இருந்தது. பட்டறைக்காரர் காட்டிய பதிவில் செவ்வாய் சாயங்காலம் வண்டி பின்பக்கமாக உள்ளே போனது. வெள்ளி காலை வெளியே வந்தது. இடையில் கௌசிக் மட்டும் புதனும் வியாழனும் மத்தியானம் உள்ளே போய், இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

"முட்டை அடுக்கிட்டு இருந்தேனுங்க," என்றான் கௌசிக். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"உங்க வண்டியில மொத்தக் கிலோமீட்டர் முதல் பக்கத்துலயே தெரியுங்களா, பட்டனை அமுக்கிப் பார்க்கணுமா?" என்று வேலுமணி கேட்டான்.

கௌசிக் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தான். தெரிந்தவனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. இவனை எங்கும் சந்தித்ததாக வேலுமணிக்கு நினைவில்லை.

"பட்டனை அமுக்கோணுமுங்க," என்றான் கௌசிக், தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா சக்கரம் சுத்துனதெல்லாம் டிரைவருக்குத்தானுங்க தெரியும்."

சாயிரா தலையசைத்தார். மைதிலியிடம் திரும்பி, "வெள்ளிக்கிழமை காலையில வண்டியில சார்ஜ் எவ்வளவு இருந்ததுன்னு பார்த்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க. செவ்வாய்க்கிழமை தொண்ணூறு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை அம்பதுதான். அப்பவே எனக்கு மனசு திக்குன்னுச்சு."

அவர்கள் மூவரும் பேசிக்கொண்டு நிற்க, வேலுமணி டார்ச்சை அடித்துக்கொண்டு வண்டி வழக்கமாக நிற்கும் மூலைக்குப் போனான். வண்டி இப்போது வெளியே வெயிலில் நின்றது. தரையில் செவ்வாய்க்கிழமைச் சேறு, நான்கு சக்கரம் நின்ற இடத்தில் வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. பின்சுவரில் டார்ச் ஒளி பட்டதும் அவன் நின்றான். வெள்ளையடித்த சுவரில் இடுப்புயரத்துக்கு மேலே வரை, சேற்றுத் துளிகள் இரண்டு நேர் கோடுகளாகத் தெறித்துக் காய்ந்திருந்தன. பின்சக்கரங்களுக்கு நேர் பின்னால், சக்கரத்துக்கு ஒரு கோடு. அந்தச் சக்கர வட்டங்களுக்குச் சற்று உள்ளே, சேற்றில் சதுரமாக இரண்டு தடம். கனமான கட்டை எதையோ வைத்து எடுத்த தடம்.

டார்ச்சை அவன் அந்தத் தடத்தின் மேலேயே பிடித்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீக்கடையில் நின்றபடி அவன் போட்ட குரல்பதிவு, வார்த்தை பிசகாமல் அவன் காதில் ஓடியது. பேர் இல்லாத ஒரு எண் குழுவில் கேட்டிருந்தது: ஆரோக்கியம் எழுபத்திரண்டு காட்டுது, வெள்ளிக்கிழமைக்குள்ள எழுபதுக்குக் கீழ இறக்கணும், கிலோமீட்டர் ஏறக் கூடாது, வழி இருக்கா? யார், என்ன வண்டி, எத்தனை ஓடியது, ஒன்றையும் அவன் கேட்கவில்லை. "பின்சக்கரத்தைக் கட்டை மேல தூக்கி வெச்சு அந்தரத்துல சுத்த விடுங்க. சார்ஜ் இறங்கும், ஆரோக்கியமும் இறங்கும். கிலோமீட்டர் சாட்டிலைட்டப் பார்த்து ஏறுறது, நின்ன எடத்துல ஏறவே ஏறாது" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, வடையைக் கடித்தான். இருபத்துமூன்று பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். சாயிராவின் முதுகுதான் தெரிந்தது. வேலுமணியின் வலது கால் தானாக நகர்ந்தது. இடப்பக்கச் சதுரத்தைச் செருப்பால் தேய்த்தான். பிறகு வலப்பக்கத்தையும். சுவரை என்ன செய்வது என்று தெரியாமல் டார்ச்சை அணைத்தான்.

"ஏதாவது இருக்கா வேலு?" என்றார் சாயிரா.

"ஒண்ணும் இல்லக்கா. பழைய சேறுதான்."

நான்கு வருடத்தில் அவரிடம் அவன் சொன்ன முதல் பொய் அது.

நான்கு மணிக்குச் சின்னண்ணன் வந்தார். ஐம்பத்தைந்து வயது, சலவைச் சட்டை. ஷெட்டுக்குள் வந்தும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மைதிலி உட்காரச் சொன்னாள்.

"இருக்கட்டும் சாமி, நிக்கறேன்," என்றார்.

சாயிரா ஒரு முட்டை அட்டையை நகர்த்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்த வண்டி முழு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் போகும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல நாற்பது சதவீதம் செலவாகியிருக்கு. அதுல ரோட்டுல போனா முப்பத்திரண்டு கிலோமீட்டர் போகலாம். முந்நூறு போகணும்னா கிட்டத்தட்ட நாலு தடவை முழுசா சார்ஜ் ஏத்தணும். சார்ஜர் பீரோவுக்குள்ள. கேமராவுல வண்டி வெளிய வரவே இல்ல. அப்ப சின்னண்ணன் இந்த வண்டியை எங்கேயும் ஓட்டிட்டுப் போகல. யாருமே ஓட்டிட்டுப் போகல."

சின்னண்ணன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப மீட்டரு?" என்றாள் மைதிலி.

"மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை தடவை சுத்துச்சுன்னு மட்டும்தான் அது எண்ணும். பாரம் இல்லாம அந்தரத்துல சுத்துற சக்கரத்துக்குக் கொஞ்சம் கரண்டே போதும். அஞ்சு மணி நேரம் சுத்துனா முந்நூறு ஆயிடும். பின்சுவரைப் பாரும்மா. மெதுவா பின்னால வந்து நின்ன வண்டி சுவர்ல சேறு அடிக்காது. நின்ன எடத்துல வேகமாச் சுத்துனாத்தான் அப்படி நேர்கோடா அடிக்கும். தறிச் சத்தத்துல வெளிய யாருக்கும் கேட்டிருக்காது." அவர் கௌசிக் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வண்டி ஓடுச்சுன்னு சொன்னாங்க. நீங்க மட்டும் சக்கரம் சுத்துச்சுன்னு சொன்னீங்க, தம்பி."

கௌசிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போன்ல ஒரு ஆப்பு எழுவத்திரெண்டு காட்டுச்சுங்க. வேண்டாம் வேண்டாம்னு இவ சொல்லியும் வண்டிய வாங்குனது நான். எழுவதுக்குக் கீழ இறக்கிப்போடலாம்னுதான்... வியாழக்கிழமை கடைசியாத்தான் பட்டனை அமுக்கிப் பாத்தேன். உசுரே போயிருச்சு."

"தெரிஞ்சும் வெள்ளிக்கிழமை நீதான் ஓட்டிட்டு வந்தே," என்றாள் மைதிலி மெதுவாக. "ஸ்டேண்டுல நான் இவரைக் கேக்கறப்ப நீ எம் பக்கத்துல நின்னே."

கௌசிக் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"நூத்தி இருபது போன வண்டி எண்பது போகுதுன்னா அதுவே அறுபத்தேழு சதவீதம்தான்," என்றார் சாயிரா. "கம்பெனியை ஏமாத்தணும்னு எந்த அவசியமும் இல்ல. சும்மா இருந்திருந்தாலே போதும். ஆனா கட்டை மேல ஏத்தினா கிலோமீட்டர் ஏறாதுன்னு முட்டை வியாபாரிக்குத் தானா தோணாது. யாரோ விவரம் தெரிஞ்சவங்க சொல்லியிருக்காங்க. முன்னப் பின்ன பார்க்காத ஆளோட குரலைக் கேட்டதும் கௌசிக் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாரு. அப்புறம், காஞ்ச தரையில நடந்த ஒருத்தர் செருப்புல மட்டும் புதுசா சேத்துத் தூள் ஒட்டியிருக்கு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வேலு, மிச்சத்தை நீ சொல்றியா?"

பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. 'எந்தச் செருப்பு?' என்று கேட்க வேலுமணிக்கு இன்னும் ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் அவன் சின்னண்ணனின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தான்.

"நான்தான் சொன்னேன்," என்றான். "குழுவுல. சரியாத் தெரியாமலே சொன்னேன். கட்டைத் தடத்தையும் நான்தான் தேய்ச்சேன். என் பேர் வெளிய வரக் கூடாதுன்னு... அதைத் தேய்ச்சா பழி சின்னண்ணன் மேலயே நிக்கும். அது தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

சாயிரா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குத் தோன்றியது. ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் வரும் வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து ரோட்டில் இறங்கும்போதுதான், "தப்பாச் சொன்னதை நான் மறந்துடுவேன் வேலு. தேய்ச்சதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்," என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதி மைதிலி கம்பெனிக்கு அனுப்பினாள். மீட்டர் மீட்டர்தான், வாரண்டி கிடையாது என்று பத்தாம் நாள் பதில் வந்தது. அதற்கடுத்த பத்து நாளும் சாயந்தரங்களில் வேலுமணி ஆட்டையாம்பட்டி போய், பேட்டரிப் பெட்டியைப் பிரித்து, செத்த செல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மாற்றினான். வண்டி நூறு கிலோமீட்டர் போனது. மைதிலி நன்றி சொன்னாள். அவனுக்கு அது காதில் விழாத மாதிரி இருந்தது.

சின்னண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஸ்டேண்டுல என் மேல பழி போட்டாங்க, நடந்ததையும் ஸ்டேண்டுலயே வந்து சொல்லச் சொல்லுங்க."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை லாரி ஸ்டேண்டில் டிரைவர்கள் கூடியிருந்தபோது கௌசிக் சொன்னான். கட்டை வைத்தது முதல் முழுக்கச் சொன்னான். மைதிலி கையெடுத்துக் கும்பிட்டாள். வேலுமணியை யாரும் கூப்பிடவில்லை. அவனாக முன்னால் போய் நின்று, தன் பேரைச் சொல்லி, தான் செய்ததைச் சொன்னான். யாரோ சிரித்தார்கள். யாரோ, "குழுவுல பேசற ஆளு இவருதானா?" என்றார்கள்.

மைதிலி வண்டிச் சாவியை நீட்டினாள். "மறுபடியும் நீங்கதான் ஓட்டோணுமுங்க. நாளைக்கு நாமக்கல் லோடு இருக்குது."

சின்னண்ணன் சாவியைப் பார்த்தார். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"சரி சாமி, நீங்க போயிட்டு வாங்க," என்றார்.

போயிட்டு வாங்க என்றாரே தவிர, வாரேன் என்று சொல்லவில்லை. சாவியை நீட்டிய கையோடு மைதிலி நின்றாள். எடப்பாடி பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.