மதியம் மட்டும் எரியாத நெஞ்சு

"எங்கப்பா போலி மாத்திரை விக்கிறவரு இல்ல சார். நீங்கதான் நிரூபிக்கணும்!"

திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் விழுப்புரம் வந்திறங்கிய பவுனு, துப்பறிவாளர் சவுரிராயன் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மருந்துக் கடை. அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை விழுப்புரத்துத் தேவநாதன். அவன் தகப்பனார் பாண்டுரங்கனுக்குத் தீராத நெஞ்செரிச்சல். அவர் குடித்துவந்த டானிக்கைக் கம்பெனி திடீரென்று நிறுத்திவிட்டது. பதிலுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைப் பவுனுவின் அப்பா கொடுத்தார். எரிச்சல் அடங்கவில்லை. 'டூப்ளிகேட் மருந்து குடுத்த வீட்டுச் சம்பந்தமே வேணாம்' என்று பாண்டுரங்கன் டிரங்க் கால் போட்டு நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டார்.

"மாத்திரையை லேபுக்கு அனுப்பலாம் சார்!" துள்ளினான் உதவியாளன் அந்தோணிசாமி.

"மொதல்ல மனுஷனைப் பாப்போம்டா."

அவர்கள் போனபோது பாண்டுரங்கன் பூரியை மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். "டிபன் ஆயிக்கினு இருக்குது, உக்காருங்க," என்றவர், பவுனுவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பல்லாம் எரியுதுங்க?" என்று கேட்டார் சவுரிராயன்.

"காத்தாலயும் ராத்திரியும். ஒரே பேஜாரு. மதியம் மட்டும் சும்மா கெடக்குது."

"அப்ப அட்டையில பாதி போலி!" என்றான் அந்தோணிசாமி.

"போலிக்கு மணி பாக்கத் தெரியுமாடா?" சவுரிராயன் மருந்து உறையைக் கையில் எடுத்தார். 'சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று' என்று எழுதியிருந்தது. "ஐயா, இன்னிக்குச் சாப்பாடு ஆச்சா?"

"காத்தாலயே ஏதுங்க சாப்பாடு? மதியம்தான்."

"ராத்திரி?"

"தோசைங்க. சோறு தொடறதில்ல."

பவுனுவுக்குப் பளிச்சென்று விளங்கியது. கடைக்காரர் மகளாயிற்றே!

"மாமா! அப்ப சோறு தின்னா மட்டும்தான் மாத்திரை போட்டீங்களா?"

"அப்படித்தானேம்மா எழுதியிருக்குது?"

"பழைய டானிக்கு பாட்டில்ல 'காலை, மதியம், இரவு'ன்னு போட்டிருந்திருக்கும். அதனால கேட்டுது," என்றார் சவுரிராயன் நிதானமாக. "மாத்திரை நல்ல மாத்திரைதாங்க. போட்டுக்கிட்ட வேளையெல்லாம் எரிச்சலை அடக்கியிருக்குது. டிபனும் சாப்பாடுதான்னு உங்க நாக்குதான் ஒத்துக்கல."

பவுனு நீட்டிய மாத்திரையைப் பாண்டுரங்கன் கையைக் கழுவிக்கொண்டு வாங்கி மென்றார். சற்று நேரத்தில் ஒரு நீண்ட ஏப்பம் வந்தது. நெஞ்சைத் தடவிப் பார்த்தவர், விருட்டென்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நடம்மா, திண்டிவனத்துக்கு! கடை வாசல்ல, நாலு பேரு பாக்க, 'சம்பந்தி, தப்பு என்னுது'ன்னு சொல்லிட்டு வர்றேன். டேய் தேவநாதா, ஜல்தி!"

தேவநாதன் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான், பவுனுவைப் பார்த்துச் சிரித்தபடி.