குறுக்கே வரும் துடிப்பு

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நடுவில் நின்றது.

கூடத்துச் சோபாவில் கண்ணை மூடிக் கிடந்த லட்சுமணசாமி அதைக் கேட்டார். சமையலறைப் பலகைமேல் கத்தி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் வேகும் துவரம்பருப்பின் வாசனை பெருங்காயத்தோடு சேர்ந்து கூடம் வரைக்கும் வந்திருந்தது. வெளியே கணபதி மெயின் ரோட்டில் டவுன் பஸ் ஒன்று காதைப் பிளக்கும் ஹாரனோடு போனது. கத்தி நின்றது. அவர் நெஞ்சுக்குள் மீன் புரண்டதுபோல ஒரு துள்ளல். கத்தி மறுபடி விழத் தொடங்கியது.

காய் நறுக்குகிறவள் கையை நிறுத்துவது ஒரு அதிசயமா? நார் உரிப்பாள், புழு இருக்கிறதா என்று பார்ப்பாள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது, மறுபடி நெஞ்சு துள்ளியது. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது கண்ணைத் திறந்துவிட்டார்.

நெஞ்சு துள்ளுவது புதிதல்ல. அதற்காகத்தான் போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தார். தொடையில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் கம்பியை விட்டு, தாறுமாறாக மின்சாரம் கிளப்பிக்கொண்டிருந்த இடங்களைச் சுட்டுவிட்டிருந்தார்கள். புண் ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை அப்படியும் இப்படியும் துள்ளும், பயப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். நெஞ்சு டாக்டருடையது இல்லையே.

லட்சுமணசாமி வாழ்நாளெல்லாம் பம்ப்செட் மோட்டார் பார்த்தவர். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பட்டறையை விற்ற பிறகும் அந்த மஞ்சள் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அதை வைத்து அவர் வைத்தியம் பார்ப்பதை மனைவி ராமாமணி கேலி செய்யாத நாள் இல்லை. டாக்டரிடமும் அவர் மெக்கானிக் மாதிரிதான் கேட்டார், துடிப்பு எங்கே விடுபடுகிறது என்று.

"விடுபடலீங்க ஐயா," என்றார் டாக்டர். "உங்க துடிப்புக்கு நடுவால இன்னொரு துடிப்பு குறுக்க வருது. அது வேற எடத்துல இருந்து கெளம்புது."

வேற இடம் என்றால் எங்கே என்று கேட்டதற்கு, இதயத்துக்குள்ளேயே இன்னொரு மூலைதான் என்று சிரித்தார்.

பீன்ஸ் நறுக்கிய நாளிலிருந்து மனைவியைக் கவனிப்பதே லட்சுமணசாமிக்கு வேலையாகப் போயிற்று. வாசல் கூட்டும்போது விளக்குமாறு நின்றது. பூக் கட்டும்போது விரல் நின்றது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் வம்பளந்துகொண்டிருந்தவள் ஒரு சொல்லின் பாதியில், வாயைத் திறந்தபடி நின்றாள். மீதிப் பாதியைப் பிறகு சொல்லி முடித்தாள். கண் இமைக்கும் நேரம்தான். செவ்வந்திக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தன்னையே பார்த்துப் பார்த்து, தன் நெஞ்சு துள்ளும்போதெல்லாம் நின்றுபோகிற பழக்கம் இவளுக்குத் தொற்றிக்கொண்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அவள் கண்ணில் படாமல் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். கீழே பின்கட்டில் அவள் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் அதே கதைதான்.

ஆனால் அங்கேதான் இன்னொன்று பிடிபட்டது. நெஞ்சு துள்ளும்போது அவள் நிற்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். அப்படி இல்லை. முதலில் அவள் நிற்கிறாள். பிறகுதான் நெஞ்சு துள்ளுகிறது. துள்ளிய பிறகுதான் அவள் நகர்கிறாள்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போனது.

சென்னையிலிருக்கும் மகள் நவ்யாவைப் போனில் பிடித்து, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. உங்களை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருந்தப்ப வராண்டாவுல மயங்கி விழுந்துட்டாங்க. நர்ஸ் கையைப் புடிச்சுப் பாத்துட்டு நாடியே இல்லைன்னு பதறிட்டாங்க. ஸ்ட்ரெச்சர் வர்றதுக்குள்ள அம்மாவே எந்திரிச்சு உக்காந்து காபி கேட்டாங்க."

எந்த நேரத்தில் என்று கேட்டார். உள்ளே அவர் இதயம் சற்று நின்று, மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்று வெளியே வந்து சொன்னார்களே, கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் என்றாள் நவ்யா.

அடுத்த வாரம் அவர் தேறினார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு நெடுநேரம் ஒழுங்காக ஓடியது; துள்ளல் எப்போதாவதுதான் வந்தது. ராமாமணி கோனியம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டியிருந்ததை நினைத்து, என்ன நிறத்தில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டே தோசை வார்த்தாள். அவர் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தோசை கருகும் வாசனை வந்தது. அதற்குப் பிறகு வேறு ஒரு வாசனை வந்தது.

அவள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். இடது கை தோசைக்கல் விளிம்பில் படிந்திருந்தது. முகத்தில் பாதிச் சிரிப்பு. புகை அந்தக் கையைச் சுற்றி எழும்பிக்கொண்டிருந்தது, அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டார். தோளைப் பிடித்து உலுக்கினார், தோள் அசையவில்லை. கையைப் பிடுங்கி இழுத்தபோது தோல் கல்லோடு போனது. அப்போதுதான் நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. அவள் கண் சிமிட்டினாள்.

"பச்சைப் புடவையே எடுத்துரலாமுங்க," என்றாள். பிறகுதான் கையைப் பார்த்தாள். "அட, இது எப்பங்க பட்டுச்சு? தெரியவே இல்லீங்களே."

மத்தியானம் கையில் கட்டோடு அவள் தூங்கினாள். மின்விசிறி சுற்றியது. லட்சுமணசாமி வெகுநேரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் கூசியது. நுனிக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்து, அவள் மார்பின்மேல் மெல்ல ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டினார்.

ஒன்றுமில்லை.

அப்போதுதான் கரண்ட் போன மோட்டார்கூட அப்படி இருக்காது. அதில் ஒரு ரீங்காரமாவது மிச்சமிருக்கும். இங்கே எதுவும் இல்லை. மூச்சுக்கூட இல்லை. அவர் காத்திருந்தார். வியர்வை காதோரம் வழிந்து கைப்பிடியில் இறங்கியது. அவர் நெஞ்சு துள்ளியது. அதே நொடியில் கைப்பிடி வழியாக, அவளுக்குள்ளிருந்து, டொக் என்று ஒரு தட்டு கேட்டது. அவள் மூச்சை இழுத்துவிட்டுப் புரண்டு படுத்தாள்.

தன் நெஞ்சில் குறுக்கே வரும் துடிப்பு அவளுடையது என்று அப்போது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் தேறத் தேற அவள் நிற்பாள். முழுதாகக் குணமானால் முழுதாக நின்றுவிடுவாள். யாரிடம் போய்ச் சொல்ல முடியும் இதை? அவளிடமா?

டாக்டர் தொடவே கூடாதென்ற காபியை, அவள் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, டிகாக்‌ஷனாகவே குடிக்க ஆரம்பித்தார். தூக்கத்தை விட்டார். நெஞ்சு பழையபடி கெட்டது. துள்ளித் துள்ளி விழுந்தது. ராமாமணி வீடெல்லாம் ஓடியாடி வேலை செய்தாள், செவ்வந்தியோடு பேசிச் சிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் வீங்கியது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இப்படியே விட்டால் இதயம் தளர்ந்துபோகும், ரத்தம் கட்டி மூளைக்குப் போனாலும் போகும் என்று சொல்லி, டாக்டர் புது மாத்திரை எழுதினார். குறுக்கே வருகிற அந்தத் துடிப்பை இது அடியோடு அடக்கிவிடும் என்றார். ராமாமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மாத்திரையை அவர் விழுங்கவே இல்லை. வாயில் போட்டு, அவள் திரும்பியதும் துப்பி, பழைய ஆணி டப்பாவுக்குள் போட்டு வைத்தார்.

ஆனாலும் சில நாளாகக் காபி வேலை செய்யவில்லை. எவ்வளவு குடித்தாலும் நெஞ்சு அடங்கி ஓடியது. கால் வீக்கம் வற்றியது. அவள் நிற்பது கூடியது. குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழிய நின்றாள். கண்ணாடி முன்னால், நெற்றிக்கு ஒரு விரல் தூரத்தில் பொட்டோடு நின்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் போய் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்று சாப்பாடு முடிந்ததும் மோர் டம்ளரை நீட்டினாள். கறிவேப்பிலையும் இஞ்சியும் மணந்தது. அவர் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள், ஏதோ ஒரு குறும்போடு.

"ஏனுங்க, ஆணி டப்பாவுக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வெக்கறதுக்கு நீங்க என்ன சின்னப் பையனுங்களா? கண்டுபுடிச்சுப்போட்டேன். நாலஞ்சு நாளா மோருலதான் கரைச்சுக் குடுத்துட்டு இருக்கேன். இப்பப் பாருங்க, மொகம் எப்படித் தெளிஞ்சிருக்குன்னு."

வெறும் டம்ளர் அவர் கையில் இருந்தது.

"இனி எனக்குக் கவலை இல்லீங்க," என்றாள். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

மெட்டிச் சத்தம் படிப்படியாக மேலே போனது. வாளியை வைக்கும் சத்தம். துணி உதறும் சத்தம். இன்னொரு துணி. அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இன்னொரு துணி.

பிறகு இல்லை.

காத்திருந்தார். உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு ஓடியது. சீராக. புது மோட்டார் போல. துள்ளவில்லை. தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். துள்ளவில்லை.

எழுந்து படி ஏறினார். மூச்சு வாங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இத்தனை படி, கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

நல்ல வெயில். அவருடைய வேட்டியைக் கொடியில் போட, குதிகாலை உயர்த்தி நின்றிருந்தாள். இரண்டு கையும் மேலே. பல்லுக்கு நடுவில் நீல நிறக் கிளிப். வேட்டி நுனியிலிருந்து அவள் பாதத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. கடைக்கண்ணில் ஓர் ஈ உட்கார்ந்து, கருவிழி மேல் நடந்தது. இமை மூடவில்லை.

"மணி," என்றார்.

வேட்டி காற்றில் ஆடியது. அவள் ஆடவில்லை.

நெஞ்சில் குத்தினார். சீராக ஓடியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கைப்பிடியால் ஓங்கிக் குத்தினார். துள்ளு. ஒரே ஒரு தடவை. மறுபடி குத்தினார். சட்டைப் பொத்தான் தெறித்தது. மறுபடி. எலும்பு வலித்தது. மறுபடி.

துள்ளியது.

கிளிப் விழுந்தது. ஈ பறந்தது. அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது. அவரை, அவர் கையை, பொத்தான் தெறித்த சட்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை, தான் நின்றுபோனது அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் அது வந்துவிட்டது.

"ஏனு..." என்றாள்.

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. கண்ணில் வந்த பயமும் அப்படியே நின்றது. அவருக்குள் இதயம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லட்சுமணசாமி மறுபடி கையை ஓங்கினார். ஈ திரும்பி வந்து அவள் உதட்டில் உட்கார்ந்தது.