முடியாத வாக்கியம்

மகள் ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். சொல் வெளியே வரவில்லை, உள்ளே போனது. மூச்சை இழுத்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

கடையிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அது அவளே உண்டாக்கிய ஒலி. படத்தில் வரும் குகைவாசிகளுக்குப் புது மொழி வேண்டுமென்று இயக்குநர் கேட்க, தொண்டை புண்ணாகிற வரைக்கும் கத்திக் கத்திச் செய்தது. மூச்சை உள்ளே இழுத்தே பேசும் மொழி. வாக்கியத்தின் கடைசியில் மட்டும் உதட்டைச் சேர்த்து ‘ப்ப்’ என்று ஒரு வெடிப்பு. அதில்தான் மூச்சு வெளியே வரும்.

மகளின் காதில் ஹெட்ஃபோன் இருந்தது.

"இவளுக்கு யாரு இதைப் போட்டுவிட்டது?"

வீட்டுக்குள்ளேயே இருந்த ஒலிப்பதிவு அறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "நான்தான். காலையிலேருந்து ஒரே அழுகை. இதைக் கேட்டதும் கப்சிப். ஏன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழற?"

"முழுசாப் போட்டீங்களா? அந்த வெடிப்போட?"

"அதை டைரக்டர் வெட்டச் சொல்லிட்டாரு. சோளம் பொரியற மாதிரி இருக்காம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டது உங்களுக்கும் உங்க டைரக்டருக்கும் விளையாட்டாப் போச்சா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு இயக்குநர் தும்மினாலும் வேதவாக்கு. பெண்டாட்டி சொன்னால் மட்டும் காது அடைத்துவிடும். போன படத்தில் அவள் பெயரைப் போடாமல் விட்டது, இவன் பல்லிளித்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் திட்டினாள். அவனும் விடவில்லை. இருவருக்கும் பின்னால், ஈரமாக, கரகரவென்று, அந்த ஒலி நீண்டுகொண்டே போனது.

"முதல்ல அந்தக் கருமத்தை நிறுத்துங்க!"

"எதை? நான்தான் எப்பவோ நிறுத்திட்டேனே."

ஹெட்ஃபோனின் வயர் தரையில் கிடந்தது. எதிலும் செருகப்படாமல்.

அவள் திரும்பினாள். மகள் வாய் திறந்திருந்தது. இன்னும் அதே மூச்சு. சண்டை தொடங்கியதிலிருந்து ஒரே மூச்சு.

ஓடிப்போய் மண்டியிட்டாள். "உதட்டை மூடுடா கண்ணு. அம்மா மாதிரி. ப்ப். சொல்லு. ப்ப்."

உதடு மூடவில்லை. நெஞ்சு ஏறியது. இன்னும் ஏறியது. கவுனின் தையல் பட்டென்று விட்டது. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது, கெஞ்சலாக.

"பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்கே என் புள்ளைய!" என்று அவள் கத்தினாள். சத்தம் கேட்கவில்லை. கணவன் வாயும் அசைந்தது. அதுவும் கேட்கவில்லை.

ஜன்னல் திரை மெல்ல எழுந்து மகளின் வாய்ப் பக்கமாகச் சாய்ந்தது. அம்மாவின் தலைமுடியும்.