சொந்தத் தோல்

காலையில்தான் மாற்றிய மீடியம். மதியச் சாப்பாடு முடிந்து அவள் செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தபோது மூன்று பிளாஸ்க்கிலும் அது மஞ்சளாகியிருந்தது. செல்களுக்கு உணவாக ஊற்றுகிற அந்தத் திரவம் புதிதாக இருக்கையில் நல்ல சிவப்பு. செல்கள் தின்று கழிவை விடவிட ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளாகும். அதற்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். அரை நாளில் மஞ்சளானதை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பார்க்காத ஒன்றைப் பார்த்தால் மற்றவர்கள் யோசிப்பார்கள். அவள் யாரைத் திட்டலாம் என்று தேடுவாள்.

“இதை யார் மாத்தினது?”

“நான்தான் மேடம். காலையில வந்த உடனே மாத்திட்டேன்,” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

“மாத்தினியா, மாத்துற மாதிரி கனவு கண்டியா?”

மாணவி எச்சில் விழுங்கினாள். அந்தச் சத்தம்கூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆய்வகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஆசிட் என்று பெயர். அது அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. தான் தலைமை தாங்கும் இந்த இடத்தில் தண்ணீர் மாதிரி ஆட்கள்தான் நிறைய, ஆசிட் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த ஆய்வகத்தின் பிழைப்பே ஒரு வைரஸ். கட்டின துணியோடு வந்து இறங்குகிற விருந்தாளி போல, கையளவு மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு அது செல்லுக்குள் நுழையும். சில செல்களில், செல்லின் சாமான்களையே எடுத்துத் தன்னை ஆயிரக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டு, செல்லை உடைத்துப் போட்டுவிட்டு வெளியேறும். வேறு சில செல்களில் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். வெளியே போக வழியில்லாத வைரஸின் மரபணுக்கள் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கூத்து அதற்குப் பிறகுதான். பிரிந்து பெருகினது போதும் என்று தடுக்க ஒவ்வொரு செல்லிலும் இரண்டு காவல் புரதங்கள் உண்டு. வைரஸின் புரதம் ஒன்று அந்த இரண்டையும் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் அந்தச் செல்லுக்கு நிற்கவும் தெரியாது, சாகவும் தெரியாது.

நல்ல தோல் செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் மரியாதையாக நின்றுவிடும். பிளாஸ்க்கின் தரையில் ஒற்றை அடுக்காகப் படுத்திருக்கும். மாறிப்போனவை அப்படியில்லை. ஒன்றை ஒன்று மிதித்து மேலே ஏறும், குவியும், குவியலின் மேல் இன்னொரு குவியல் கட்டும்.

“இதுங்களுக்காவது முன்னேறணும்னு ஒரு வெறி இருக்கு,” என்று மாணவர்களின் முகத்தைப் பார்த்தபடியே அவள் சொல்வாள்.

அவள் வளர்த்த வகைக்கு இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. வைரஸ் புகுந்த செல் தன் மேற்பரப்பில் அந்நியப் புரதத்தின் துண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். ரத்தத்தில் சுற்றும் காவல் செல்கள் அதைப் பார்த்துக் கொன்றுவிடும். காட்டிக்கொடுக்காமல் மறைத்துத் தப்பியவற்றை மட்டும் பொறுக்கி, திரும்பத் திரும்பப் பொறுக்கி, அவள் இந்த மூன்று பிளாஸ்க்கையும் வளர்த்திருந்தாள். மற்ற ஆய்வகத்தார் கேட்டு வாங்கிப் போனார்கள். இவ்வளவு துடிப்பான தோல் யாருடையது என்று கேட்டவர்களிடம், பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது என்றாள்.

அவளுடையதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தோல் துண்டுகள் தாமதமாக வரும், பாதி செத்து வரும். யார் யாரோ கழித்துப் போட்ட தோலுக்கு அவள் கையேந்த வேண்டுமா? ஒருநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மரத்துப்போக ஊசி போட்டு, தன் மேல்கையின் உள்பக்கத்திலிருந்து பருப்பளவு தோலை வெட்டி எடுத்துக்கொண்டாள்.

தன் உடம்புச் செல்லில் தானே வேலை செய்யக்கூடாது. இந்தத் தொழிலில் கை வைக்கும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி அது. அடுத்தவர் செல் தவறி உடம்புக்குள் போனால் உடம்பு அந்நியன் என்று விரட்டியடிக்கும். சொந்தச் செல் போனால் வாசலைத் திறந்துவிடும். ஊசி பிடிக்கத் தெரியாத மடையர்களுக்காக எழுதிய விதி அது என்பது அவள் கட்சி.

“நகரு. உன் கை நடுக்கத்துல செல்லுங்க எல்லாம் மயக்கம் போட்டுடும்,” என்று மாணவியை ஒதுக்கிவிட்டு அவளே உட்கார்ந்தாள். குவிந்து ஒட்டிக்கொண்ட செல்களைப் பிரிக்க, மெல்லிய ஊசி வழியே உறிஞ்சித் தள்ள வேண்டும். கோபத்தில் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாள். சிரிஞ்ச் வழுக்கியது. இடது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

கிளவுஸைக் கழற்றினாள். ஒரு சொட்டு ரத்தம். குழாயடியில் நின்று பிதுக்கிப் பிதுக்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். வாரம் தவறாமல் கிளவுஸைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்புகிற மனுஷன். அவருக்கு அவள் வைத்த பெயரே கிளவுஸ்தான்.

“மேடம், கைல என்ன? குத்திடுச்சா?”

“இல்லை.”

“குத்தியிருந்தா சொல்லுங்க மேடம். யாரோட செல்லுன்னு மட்டும் தெரிஞ்சா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“தரையைத் துடைச்சாங்களான்னு பார்க்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? அதைப் போய்ப் பாருங்க.”

என் தோல்தான். அவ்வளவு சொன்னால் போதும். அன்றே சொல்லியிருந்தால் விரல் நுனியில் கொஞ்சம் சதையை எடுத்திருப்பார்கள், உயிர் தப்பியிருக்கும். ஆனால் கிளவுஸ் மேலே எழுதுவார். விசாரணை வரும். அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பாள். அதற்குச் செத்துப்போகலாம் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்கிறவர்கள் யாரும் சாவை மனதில் வைத்து நினைப்பதில்லை.

சில நாள் கழித்து விரலில் முதலில் கடுகளவு தடிப்பு. வலியில்லை. தொட்டால் மட்டும் சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் சூடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் தெருவில் போகும் வண்டிகளும் அடங்குகிற சின்ன இடைவெளிகளில், தாழ்வாக, விடாமல், இன்குபேட்டர் ஓடுகிற அந்த உறுமல் கேட்டது. பிரிட்ஜாக இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள், சார்ஜரைக் கழற்றினாள், கணவர் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தாள். கூடவே ஒரு வாசனை, வெந்நீரில் கரைத்து மறந்துபோன பால்பவுடர் புளிக்கத் தொடங்குகிற மாதிரி, வெதுவெதுப்பாக, இனிப்பாக. ஆய்வகத்தில் முப்பத்தேழு டிகிரியில் சூடான மீடியத்தின் வாசனை அது. இங்கே எங்கிருந்து வருகிறது என்று சமையலறை, குளியலறை, துணிக்கூடை எல்லாம் முகர்ந்துவிட்டு, கடைசியில் தன் கையை முகர்ந்தாள்.

“என்னம்மா தேடற?” என்றார் கணவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். உலகத்து ஆறுகள் எல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த மனுஷனுக்கு வீட்டுக் குழாய் ஒழுகுவது தெரியாது என்பாள்.

அவள் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பதில் சொல்வதைக் குறைத்துப் பல வருஷமாகிறது. பதில் வராவிட்டால் அவரும் இரண்டாம் தடவை கேட்கமாட்டார். அந்த வீட்டின் சமாதானம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் தம்பி வந்தார். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கண் அவள் விரலுக்குப் போனது.

“அண்ணி, அது என்ன? காட்டுங்க.”

“மரு.”

“மரு இப்படிப் பளபளன்னு இருக்காது அண்ணி. வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிடலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

“இருமலுக்கு சிரப் எழுதுறவங்ககிட்ட விரலை நீட்டுற அளவுக்கு நான் இன்னும் இறங்கலை.”

அவர் சிரித்து மழுப்பினார். கணவர் தட்டைப் பார்த்தார். அவளுக்கோ அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு பயம் இறங்கியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது. தண்ணீர் குடித்து அதை விழுங்கினாள். விழுங்குகையில் தொண்டையில் ஏதோ தடுக்கியது.

விடுமுறை நாளாகப் பார்த்து, நல்ல வெயில் நேரத்தில், தனியாக ஆய்வகத்துக்குப் போனாள். யாரும் இல்லை. நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. மேஜையில் கையை வைத்து, மரக்க ஊசி போட்டு, பிளேடால் அந்தக் கட்டியைச் சுற்றி வெட்டினாள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வேர்க்கடலை அளவு. இளஞ்சிவப்பு. ரத்தம் அதிகம் வரவில்லை.

துளியூண்டு கிள்ளி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். தெரிந்த கூட்டம். ஏறி, மிதித்து, குவிந்து. செல் நகர்வது கண்ணால் பார்க்கிற வேகத்தில் நடக்காது, மணிக்கணக்காகும். இவை நகர்ந்தன. அவள் இடது கை இருந்த பக்கமாக, சாவகாசமாக, ஒதுங்கின. கையை வலது பக்கம் மாற்றினாள். கொஞ்ச நேரம் நின்றன. பிறகு வலது பக்கம் வந்தன.

“மட்டமான மெஷின். மேஜை ஆடுது,” என்று சத்தமாகச் சொன்னாள். காலி அறையில் அவள் குரல் கரகரத்தது.

கட்டியையும் கண்ணாடித் துண்டையும் பிளீச்சில் போட்டாள். நுரைத்தது, வெளுத்தது, கரைந்தது. மூன்று பிளாஸ்க்கிலும் பிளீச்சை ஊற்றினாள். அவ்வளவுதான். ஒரு கமிட்டி, ஒரு கிளவுஸ், ஒரு சிரப் டாக்டர், யாருடைய தயவும் இல்லாமல் முடித்தாயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு வாசலில், விரலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தாள். காயம் மூடியிருந்தது. பொருக்கில்லை, தழும்பில்லை. வழவழவென்று புதுத் தோல். என் தோலல்லவா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குளிக்கப் போனாள். சாயங்கால வெளிச்சம் குளியலறை ஜன்னலில் மஞ்சளாக விழுந்திருந்தது. தண்ணீரைத் திறந்து, சோப்பைத் தேய்த்து, கழுத்தில் தொடங்கித் தோளுக்கு வந்த கை, அக்குளில் நின்றது.

மெத்தென்று ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அழுத்தினாள். வலிக்கவில்லை. அழுத்திய விரலுக்கடியில் அது விலகி, திரும்பி வந்து, விரலோடு ஒட்டிக்கொண்டது.

குழாயை மூடினாள். உறுமல். காதில் இல்லை. விலாவுக்குள்.

விலாவில் கை வைத்தாள். அங்கேயும். இடுப்பில். கழுத்தின் இரண்டு பக்கமும். காலையில் இல்லை. சத்தியமாகக் காலையில் இல்லை. அக்குளும் கழுத்தும் உடம்பின் காவல் செல்கள் எல்லாம் தங்கும் இடங்கள். அவள் வளர்த்தவை அங்கேயே போய்க் குடியேறியிருக்கின்றன. யாரும் தடுக்கவில்லை. ஏன் தடுப்பார்கள்? தப்பிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

இப்போது பயந்தாள். வெறும் பயம், மானம் மரியாதை எதுவும் கலக்காதது. சாகக்கூடாது என்று நினைத்தாள். கிளவுஸிடம் சொல்லலாம். சிரப் டாக்டரிடம் சொல்லலாம். அந்த மாணவி சிரிக்கட்டும், ஊரே சிரிக்கட்டும்.

வெளியே செருப்புச் சத்தம். கதவருகே நின்றது.

“ஏம்மா, ரொம்ப நேரமா தண்ணிச் சத்தமே இல்லையே. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

ஆமாம். என் தோல்தான். தம்பியைக் கூப்பிடுங்க. எல்லாம் நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. தொண்டை அடைத்திருந்தது. மெத்தென்று. வெதுவெதுப்பாக.

தாழ்ப்பாளைப் பிடித்தாள். சோப்புக் கை வழுக்கியது. மறுபடி வழுக்கியது. விரல்கள் மடங்கவில்லை, முட்டிகளுக்கு நடுவிலும் ஏதோ இடம் பிடித்திருந்தது. உள்ளங்கையால் கதவை ஓங்கி அடித்தாள். ஒரே அடி. அதற்குமேல் கை எழும்பவில்லை.

வெளியே செருப்பு ஓரடி பின்னால் நகர்ந்தது.

“சரிம்மா, சரி. கோவப்படாத. நான் கேட்கல,” என்றார் கணவர்.

செருப்புச் சத்தம் கூடத்துப் பக்கம் போனது. ரேடியோ பாடத் தொடங்கியது.

கதவில் சாய்ந்து நின்றாள். எதிரே கண்ணாடி. கழுத்துத் தோலுக்கடியில் அவை ஒவ்வொன்றாக ஏறின. தாடை எலும்பை எட்டிய ஒன்று நின்று, கீழே இருந்ததற்கு வழிவிட்டது. அது இதை மிதித்து மேலே போனது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. நாக்குக்குப் பின்னால் இருட்டாக இருந்த இடம் மெல்ல நிறைந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு, அவை வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தன.