இருபது நிமிடம் நிறுத்தாமல்

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் காரை வாங்கியதே ஷெரினின் பிரசவத்துக்காகத்தான். அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. வலி எடுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தேனிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடமலைக்குண்டிலிருந்து தேனிக்கு முக்கால் மணி நேரம். நான் வாங்கிய பழைய டீசல் காரோ நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது.

தேனி ஒர்க்‌ஷாப்பில் கிங்ஸ்லி கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“டிபிஎஃப் அடைச்சிருக்கு ஆண்டனியண்ணே. புகையில வர்ற கரியப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர் அது. வீட்டுக்கும் உங்க மருந்துக்கடைக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டிருந்தா எங்கன சூடாகும்? சூடானாத்தான் கரி எரியும். இப்போதைக்கு வேகம் எடுக்குற மாதிரி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிருக்கேன். போறப்ப அறுபதுக்குக் குறையாம இருபது நிமிஷம் ஓட்டுங்க. நடுவுல நிறுத்திராதீக.”

“நிறுத்துனா?”

“பாதி எரிஞ்சு பாதி நின்னுரும். மறுபடி அடைக்கும். அப்புறம், எரியுறப்ப வண்டிக்கு அடியில நெருப்பாக் கொதிக்கும். காஞ்ச சருகு மேல ஏத்திராதீக.”

நிறுத்தக் கூடாது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சருகைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்ததோடு சரி.

கண்டமனூர் தாண்டியபோது பிற்பகல் இரண்டு மணி. தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ரோடுதான் களம். ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போகப் போக நெற்று வெடித்துப் பயறு உதிரும். ஓட்டுகிறவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நானும் அறுபதிலேயே ஏற்றினேன். கொடி அடியில் போய்ச் சுற்றிக்கொண்டு சரசரவென்று இழுபட்டது, யாரோ விளக்குமாற்றால் கூட்டுகிற மாதிரி.

அந்தக் கோடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் காரின் அடியைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஏறிப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் கையை அசைத்துவிட்டுப் போனேன்.

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை. அடைத்திருந்த கரி எரிகிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொள்ளு வறுக்கிற வாசம்கூட வந்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கியிருந்தது. நான் நிறுத்தவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது காரில் மஞ்சள் விளக்கு அணைந்தது.

மறுநாள் பக்கத்து உரக்கடை மலைச்சாமி வந்து சொன்னார்.

“கேட்டீகளா? ரோட்டுல காயப் போட்டிருந்த கொள்ளு தீப்பிடிச்சிருச்சாம். நம்ம வீரணன் சம்சாரம் சங்கிலியம்மா அணைக்கப் போயிருக்கு. சேலையில பத்திக்கிச்சு. ராத்திரியே போய்ச் சேந்துருச்சு. எவனோ பீடியப் போட்டுட்டுப் போயிருக்கான், பாவி.”

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சைலன்சர் குழாயில் கருகிய கொடி ஒரு முழத்துக்குச் சுற்றிக் கிடந்தது. உருவிச் சாக்கடையில் எறிந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டுக் கோபப்பட்டதைச் சொன்னேன், பொய் பேசியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. வீரணன் என் கடைக்கே வந்து தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

கிங்ஸ்லி சொன்னபடி மறுபடி ஓட்டினேன். தார் கருகிக் கிடந்த அந்த இடம் வந்ததும் கார் தானாகச் சோர்ந்தது. அதைத் தாண்டியதும் சரியானது. ஒரு முறை அல்ல, நான்கு முறை. கடைசி முறை ஷெரினும் உடன் வந்தாள். அந்த இடத்தில் மூக்கைச் சுளித்தாள்.

“இங்கன யாரு கொள்ளு வறுக்குறாக?”

இரண்டு பக்கமும் வெறுங்காடு. ஒரு வீடுகூடக் கிடையாது.

மாசி மாதம், காலை பதினோரு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. தேனிக்குக் கிளம்பினோம். அவள் பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தூரத்தில் கருகிய தார் தெரிந்தது.

அறுபது, ஐம்பது ஆனது.

ஐம்பது, முப்பது ஆனது.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

அடியில் சரசரவென்று சத்தம். யாரோ கூட்டுகிறார்கள்.

ரோட்டில் ஒரு கொடிகூட இல்லை.

ஷெரினின் விரல்கள் என் தோளில் அழுந்தின. “நிறுத்துங்க,” என்று முனகினாள். “அந்தம்மா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறாக.”

“எங்கன?”

“முன்னாடிதான். உங்களுக்குத் தெரியலையா?”

தெரியவில்லை. வெயிலைத் தவிர எதுவும் தெரியவில்லை.

வாய்க்குள்ளேயே பொருத்தனை வைத்தேன். ‘ஆத்தா, இந்தப் புள்ள நல்லபடியா வரட்டும். வீரணன்கிட்ட நானே வந்து சொல்லிர்றேன். சத்தியமாச் சொல்லிர்றேன்.’

கூட்டும் சத்தம் நின்றது. கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம். அனிதா மேரி என்று பெயர் தேர்ந்தெடுத்தோம்.

ஷெரின் வீடு திரும்பட்டும், அப்புறம் சொல்லலாம் என்றேன். ஞானஸ்நானம் முடியட்டும் என்றேன். பயம் குறையக் குறைய எனக்குச் சாக்குகள் பெருகின. வீரணன் வீட்டுக்குப் போகவேண்டியவன், காரை எடுத்துக்கொண்டு கிங்ஸ்லியிடம் போய்ப் புது ஃபில்டர் மாட்டினேன்.

கழற்றியதை அவன் கவிழ்த்துத் தட்டினான். சாம்பல் கொட்டியது.

“கரி எரிஞ்சு போயிரும்ண்ணே. சாம்பல் எரியாது. எத்தன தடவ ஓட்டுனாலும் உள்ளயேதான் கெடக்கும்.”

“இப்ப வெளிய வந்திருச்சுல்ல?” என்று கேட்டேன். அவனுக்கு என் அவசரம் புரியவில்லை.

அதன் பிறகு விளக்கு எரியவில்லை. கருகிய இடத்தை எண்பதில் கடந்தாலும் கார் சிணுங்கவில்லை, வாசமும் இல்லை. தப்பித்துவிட்டேன் என்று தனியாக ஓட்டும்போது வாய்விட்டே சிரித்தேன்.

தேனி கோவிலில் ஞானஸ்நானம் முடிந்து அன்று மத்தியானமே திரும்பினோம். பின் சீட்டில் ஷெரினின் மடியில் குழந்தை தூங்கியது. கண்டமனூர் தாண்டியதும் அவள் குனிந்து பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். கொடுத்தவள் நிமிரவில்லை.

“என்னங்க.”

“என்ன?”

“அன்னைக்கு அடிச்ச அதே வாசம். கொள்ளு.”

விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. ஜன்னலை இறக்கினேன். வெறும் காற்றுதான் வந்தது.

“கார்ல இல்லங்க,” என்றாள், சத்தம் வராத குரலில்.

ஓரமாக நிறுத்தினேன். பின்னால் போய்க் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன்.

கருகக் கருக வறுத்த கொள்ளு.

பின்வாங்கிக் கீழே பார்த்தபோதுதான் கவனித்தேன். என் செருப்புக்கடியில் இருந்தது கருகிய தார்.

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி. பச்சைப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் தூங்கும் என்றாள் ஷெரின்.

அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டேன். இரண்டு கைகளும் மறுபடி மேலே போயின.