திங்கட்கிழமைத் தண்ணீர்

"என் வீட்டுக்காரர் மேல பழியைப் போட்டுட்டாங்க சார். அவரால வாயைத் திறந்து பதில் சொல்லக்கூட முடியல."

விசாரணை அதிகாரியின் அறையில் மருத்துவமனைக் காவலாளியின் மனைவி உட்கார மறுத்தாள். முந்தாநாள் பூச்சிமருந்து ஆலையில் குழாய் வெடித்து, ஒன்பது தொழிலாளிகள் நனைந்த துணியோடு கொண்டுவரப்பட்டார்கள். வாசலிலுள்ள கழுவறையில் அவர்களைக் குளிப்பாட்டிய பிறகே காவலாளி உள்ளே விட வேண்டும். அவன் அப்படியே விட்டுவிட்டான், அந்த நெடியில் இரண்டு நர்சுகள் சுருண்டு விழுந்தார்கள் என்பது புகார். அவனும் நினைவிழந்து கிடக்கிறான். மாலைக்குள் வேலைநீக்க உத்தரவு தயாராகிவிடும்.

அவள் கையில் வாய்கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே கணவனின் செருப்புகள், சேறு அப்பியிருந்தன.

"பிரிக்காதீங்கம்மா, அதுல பூச்சிமருந்து இருக்கும்" என்றார் அதிகாரி.

அவருடைய உதவியாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் அவனுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர். மூவரும் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அவன் புல்வெளியில் கிடந்த தோட்டக் குழாய் தடுக்கி விழப்பார்த்தான்.

நிர்வாகி கழுவறையைத் திறந்துகாட்டினார். பினாயில் மணத்தது. பதிவேட்டில் திங்கள்தோறும் 'குழாய் சோதிக்கப்பட்டது' என்று அவருடைய கையெழுத்து.

"எல்லாம் தயாராத்தான் இருந்துச்சு. அவன்தான் கோட்டை விட்டுட்டான்."

உதவியாளனுக்கு முகம் தொங்கிப்போனது. அதிகாரி குழாயைத் திருகினார். அது இருமி, செங்கல் நிறத்தில் துப்பியது. தெளியவே ஐந்து நிமிடம் ஆயிற்று. தரையில் நாலு நாலாகத் துரு வட்டங்கள் தெரிந்தன.

"வாராவாரம் திறக்கிற குழாய் இப்படித் துப்பாது சார். தரையில இந்த வட்டமெல்லாம் கட்டில் கால் தடம். துடைச்சும் போகல பாருங்க."

நிர்வாகி பதிவேட்டை மூடினார். "பழைய கட்டில் போட வேற இடமில்ல... நேத்துதான் எடுத்தோம்."

"அப்போ அன்னிக்கு இங்க ஆள் நிக்கவே இடமில்ல."

உதவியாளன் துள்ளினான். "மழை பெஞ்சு மாசமாச்சு! செருப்புல சேறு... சார், தோட்டக் குழாய்!"

"ஆமா. புல்வெளியில வச்சுக் கழுவி அனுப்பியிருக்கார். அந்த நெடி அவரையே சாய்ச்சிருக்கு. அதுக்கப்புறம் மிச்சப் பேர் கழுவாமலே உள்ளே போயிருக்காங்க."

தட்டச்சாகியிருந்த வேலைநீக்க உத்தரவை நிர்வாகியே கிழித்தார். அந்த நேரத்தில் வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். காவலாளி கண் விழித்துவிட்டான்.

எல்லோரும் கட்டிலருகே போனார்கள். அவன் மனைவியைப் பார்த்தான், ஆனால் கேட்டது வேறு.

"ஏழு பேரைத்தான் கழுவ முடிஞ்சுது. மிச்சம் ரெண்டு பேரு?"

"உசுரோட இருக்காங்கய்யா" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.